நாலு லட்சத்து எண்பதாயிரமும் ஒரு போன் வயரும்

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார், மேளகாரர் கெட்டிமேளத்துக்கு ஏறிவிட்டார், படம் மட்டும் நின்றுவிட்டது. சத்தம் ஓடுகிறது, தாலி அந்தரத்தில் தொங்குகிறது, மூன்று கமராவின் படமும் மூன்று சின்னக் கட்டங்களில் வெவ்வேறு நொடியில் உறைந்துபோய்க் கிடக்கின்றன. ஸ்பேஸ் பாரை அமத்துகிறேன், ஒன்றும் இல்லை, இன்னொருமுறை அமத்துகிறேன், நாலு செக்கன் கழித்து எல்லாம் ஒன்றாகப் பாய்ந்து மணமக்கள் அக்கினியையே சுற்றிவரத் தொடங்கிவிட்டார்கள். இப்படி ஒரு இரவில் இருபது தடவை நடந்தால் எவனுக்கும் புது கம்பியூட்டர் வாங்கத்தான் தோன்றும். எனக்கும் தோன்றியது.

நான் திருகோணமலையில் கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று வீடியோ எடுத்து எடிட் பண்ணுகிற ஆள். வீடு அலஸ்தோட்டம் பக்கம், பின்னறையில்தான் வேலை. மெஷின் 2019 இல் கொழும்பில் பாவித்ததாக எடுத்தது: ஐ7-8700 சிப், 16 ஜிபி ராம் ஒரே துண்டாக, 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு. அந்த நேரம் எனக்கு அது ராஜா. 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 350 ஐத் தாண்டிப் போனபோது, பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோது, புதுசு வாங்குகிற யோசனை எங்கே வரும், இருக்கிறது எரியாமல் இருந்தால் காணும் என்று இருந்தேன். 2023 இல் கமராவை மாற்றினேன், சோனி ஏ7 3 போய் ஏ7 4 வந்தது. பிரச்சினை அங்கேதான் ஏறியது, ஆனால் அது கமராவால் வந்தது என்று விளங்க எனக்கு அரை வருஷம் எடுத்தது.

மார்கழியில் கலியாணம் இல்லைதானே, டவுனில் ஒரு கடைக்குப் போய் விலை கேட்டேன். கடைத் தம்பி நல்ல பிள்ளை, பத்து நிமிடத்தில் ஒரு சீட்டு அடித்துத் தந்தான். அடியில் 480,000. "அண்ணா, ஜனவரியிலிருந்து வற் 18 வீதம். இப்பவே எடுத்தீங்களெண்டால் லாபம்" என்றான். வரி விஷயம் உண்மைதான். ஆனாலும் வரி கூடப்போகிறது என்பதற்காக ஒரு சாமானை வாங்குவதும், மழை வரப்போகிறது என்பதற்காக வள்ளம் வாங்குவதும் ஒன்றுதான் என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அவ்வளவு தெளிவு இல்லை, அட்வான்ஸ் கட்டப் பொக்கற்றுக்குள் கையே போய்விட்டது.

வீட்டில் சீட்டைக் காட்டியதும் மனைவி கேட்டது ஒரே கேள்வி. "இது வந்தால் வருஷத்துக்கு எத்தனை கலியாணம் கூட எடுப்பீங்கள்?"

பதில் இல்லை. கலியாணம் கூடுவதும் குறைவதும் என் கம்பியூட்டரைப் பார்த்து இல்லையே, முகூர்த்தத்தைப் பார்த்துத்தானே. அவ ஆசிரியை, வீட்டில் சிஆர் கொப்பிக்குக் குறைவில்லை, ஒன்றைத் தூக்கித் தந்து, அடுத்த கலியாணத்துக்கு என்னென்ன வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று எழுதச் சொன்னா. கோபம்தான் வந்தது. ஆனாலும் தையில் வந்த முதல் கலியாணத்துக்கு எழுதினேன், கள்ளம் இல்லாமல், போன் பார்த்த நேரத்தையும் சேர்த்து.

மொத்தம் 34 மணித்தியாலம் வந்தது. கமராவின் மெமரி கார்டுகளிலிருந்து கொப்பி பண்ணவும் பிரித்து அடுக்கவும் 3. எல்லாத்தையும் பார்த்து வேண்டாததைக் கழிக்க 9. வெட்டி ஒட்ட, பாட்டுக்குப் பொருத்த 7. நிறம் திருத்த, சத்தம் திருத்த 4. முடித்துக் கொடுத்த பிறகு "இந்தப் பாட்டு வேண்டாம், அந்த மாமியை ஏன் விட்டுட்டீங்கள்" என்று திரும்பி வந்த திருத்தங்களுக்கு 6. எக்ஸ்போர்ட், அதாவது முடிந்த படத்தை ஒரே பைலாக்கி எடுப்பது, 4 மணித்தியாலம் ஓடியது, அதைத் தனியாக எழுதி மொத்தத்தில் சேர்க்கவில்லை, ஏனென்றால் அந்த நேரம் நான் நித்திரை. மிச்ச 5 மணித்தியாலம்தான் சிக்கிச் சிக்கி ஓடுகிற படத்துக்கு முன்னால் சும்மா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது.

இந்த ஐந்தையும் நாலையும் பிரித்துப் பார்க்கிறதுதான் முழு விஷயமும் என்று நினைக்கிறேன். கம்பியூட்டர் விற்கிறவர்களும் அதைப் பற்றி வீடியோ போடுகிறவர்களும் முதலில் காட்டுவது எக்ஸ்போர்ட் வேகத்தை, இது பதினாலு நிமிடம் அது ஆறு நிமிடம் என்று பட்டை போட்டு. எனக்கு எக்ஸ்போர்ட் நாலு மணித்தியாலம் எடுத்தாலும் ஒன்று, ஒரு மணித்தியாலம் எடுத்தாலும் ஒன்று, காலையில் எழும்பும்போது பைல் இருந்தால் சரி. கதிரையில் நான் இருக்கும்போது அது என்னைக் காக்கவைக்கிற நேரம்தான் என் காசு.

சரி, அந்த ஐந்துக்கு என்ன விலை? ஒரு கலியாணத்தில் செலவெல்லாம் போக எடிட்டிங்குக்கு என்று கையில் நிற்பது அறுபதாயிரம் மட்டில், 34 ஆல் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 1,760 சொச்சம். வருஷத்துக்கு 22 கலியாணம், 110 மணித்தியாலம் மிச்சம் என்றால் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்குக் கிட்ட. இரண்டரை வருஷத்தில் மெஷின் காசு திரும்பி வருகிறது என்று சந்தோசப்பட்டேன், கொப்பியை மூடும்போதுதான் உறைத்தது, அந்த 110 மணித்தியாலத்தையும் வேறு காசு வருகிற வேலையால் நிரப்பினால்தான் அந்தக் கணக்கு. ஆவணியில் நிரப்பலாம், ஒரு கிழமையில் மூன்று முகூர்த்தம் வரும். ஆடியிலும் மார்கழியிலும் மிச்சம் பிடிக்கிற நேரத்துக்கு ஒரு சதம் பெறுமதி இல்லை, படுத்துக் கிடக்கலாம், அவ்வளவுதான். என் வருஷத்தில் உண்மையில் நெருக்கடி என்று சொல்லக்கூடியது மூன்று நாலு மாதம். ஆக இரண்டரை வருஷம் இல்லை, ஆறேழு வருஷம், அதற்குள் அந்த மெஷினும் கிழடாகிவிடும்.

அடுத்த வேலை, படம் ஏன் சிக்குகிறது என்று பார்ப்பது. இதை நான் முதலே செய்திருக்க வேண்டும். மூன்று கமரா ஓடும்போது, எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டுகிற டாஸ்க் மனேஜரைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். சிப் 60 வீதம், கார்டு 20 வீதம், ராம் நிறைய ஆனால் வழியவில்லை. டிஸ்க் 100 வீதம், விடாமல் 100. வாசிக்கிற வேகம் செக்கனுக்கு 34 எம்பிக்கு மேல் ஏறவே இல்லை.

34 என்ற எண்ணைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. என் எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்க் யூஎஸ்பி 3, சும்மாவே நூறைத் தாண்டி ஓட வேண்டியது. மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். அதோடு வந்த வயரின் தலை அகலமாக, இரண்டு பகுதி ஒட்டினாற்போல இருக்கும், தெரியும்தானே. அந்த வயர் எப்போதோ ஒரு மண்டபத்தில் தொலைந்து, அவசரத்துக்கு ஒரு பழைய போன் சார்ஜர் வயரைச் செருகியிருக்கிறேன். அந்த ஓட்டையின் பெரிய பாதிக்குள் அது அழகாகப் போய் இருந்துவிடும், டிஸ்க்கும் வேலை செய்யும், ஆனால் யூஎஸ்பி 2 வேகத்தில். 4கே வீடியோ என் கமராவில் செக்கனுக்கு 100 மெகாபிட், அதாவது பன்னிரண்டரை எம்பி. மூன்று கமரா என்றால் முப்பத்தேழரை. குழாய் விடுவது 34. தாலி ஏன் அந்தரத்தில் தொங்கியது என்று இப்போது விளங்குகிறதா? ஒரு வருஷத்துக்கு மேல் அந்த வயரில்தான் வேலை செய்திருக்கிறேன். சரியான வயர் அறுநூறு ரூபாய். மனைவிக்கு இதை உடனே சொல்லவில்லை, இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன்.

வயர் மாற்றியதும் பாதி சரி. முழுக்கச் சரியாகவில்லை, ஏனென்றால் ஹார்ட் டிஸ்க்குக்குள் ஊசி ஓடி ஓடித்தான் வாசிக்கும், மூன்று பைலை ஒரே நேரத்தில் கேட்டால் அங்கும் இங்கும் பாய்ந்தே களைத்துவிடும். ஓடிக்கொண்டிருக்கிற வேலைக்கென்று மட்டும் ஊசி ஓடாத, வேகமான 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்று போட்டேன், முடிந்ததும் பழைய டிஸ்க்குக்கு மாற்றிவிடுவேன். ராமில் இன்னொரு 16 துண்டு. ஒரே துண்டாகப் போட்டால் ஒரு பாதையில்தான் போக்குவரத்து, இரண்டு துண்டென்றால் இரண்டு பாதை, அது பெரிய மாயம் இல்லை ஆனால் எப்படியும் 32 தேவைப்பட்டது.

பிறகு கேசைத் திறந்தேன். கடற்கரைப் பக்கத்து வீட்டில் கம்பியூட்டர் வைத்திருக்கிறவர்களுக்கு இதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கடலுக்குத் தள்ளி உள்ள ஊர்களில் தூசி என்றால் ஊதினால் போகும். இங்கே உப்புக் காற்றோடு சேர்ந்து தூசி ஈரம் பிடித்து, பான் சுற்றுகிற இடத்துக்குக் கீழே உள்ள தகடுகளுக்கு இடையில் களிபோல அப்பியிருந்தது. பழைய பல் தூரிகையால் கிண்டி எடுத்தேன், ஆணிகளில் துரு, ஒரு ஆணி தலையே கழன்று வந்தது. கச்சான் காற்று அடிக்கிற ஆனி ஆடியில் அந்த அறை பகலில் போறணை, சிப் 100 பாகைக்குப் போய்த் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொண்டிருந்திருக்கிறது, சூடு கூடினால் எரிந்துபோகாமல் இருக்க அவை அப்படித்தான் செய்யும். களியை எடுத்து, சிப்பின் சூட்டைக் கடத்தப் பூசி, காய்ந்து பொடியாகிப்போன பேஸ்ட்டைத் துடைத்துப் புதுசு பூசியதும் அதே வேலைக்கு 78. நான் வாங்கிய வேகத்தில் பாதியைச் சூட்டுக்குக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறேன் என்று சொன்னால் மிகை, ஆனால் பகலில் மந்தமாகவும் இரவில் கொஞ்சம் நல்லாகவும் ஓடிய மர்மம் அன்றோடு தீர்ந்தது.

எல்லாம் சேர்த்து நாற்பத்தேழாயிரம் செலவு. அடுத்த கலியாணத்துக்குக் கொப்பி எழுதினேன், அந்த 5 மணித்தியாலம் ஒன்றரையாகக் குறைந்திருந்தது.

அந்த ஒன்றரை எங்கே என்று தேடினால், அவுட்டோர் காட்சிகளில். கோட்டைக்குள் மான்களோடு, நிலாவெளிக் கடற்கரையில் எடுப்பதையெல்லாம் 10 பிட் 4:2:2 இல், அதாவது நிறத்தைக் கூடுதல் விவரத்தோடு பதிகிற முறையில் எடுப்பேன், வானத்தின் நிறத்தை இழுக்க வசதி. கமரா மாற்றியபோது ஏறிய வினை இதுதான். கமரா வீடியோவைச் சுருக்கி வைக்கிற எச்.264, எச்.265 என்ற முறைகள் இரண்டும் பொதுவாக ஒவ்வொரு படத்தையும் முழுசாக வைப்பதில்லை, இடைக்கிடை ஒன்றை முழுசாக வைத்து மிச்சத்தை "முந்தினதிலிருந்து என்ன மாறினது" என்று மட்டும் எழுதி வைக்கும். அதை அவிழ்க்க சிப்புக்குள்ளும் கார்டுக்குள்ளும் தனிப் பகுதி ஒன்று இருக்கிறது. நிற விவரம் குறைந்த 8 பிட் 4:2:0 என்றால் என் பழைய மெஷினில் அந்தப் பகுதி சிரித்துக்கொண்டே அவிழ்க்கும். 4:2:2 என்றால் அதற்குப் பாஷை தெரியாது, முழுப் பாரமும் சிப்பின் தலையில். பிளேபேக் தரத்தைக் காலாகக் குறைத்துப் பார்த்தேன், பெரிதாக உதவவில்லை, அவிழ்க்கிற வேலை குறைந்தால்தானே. இன்னும் பெரிய கார்டு வாங்கியிருந்தாலும் இதே கதைதான், என்விடியாவில் 2025 இல் வந்த 50 வரிசைக்கு முந்தியவற்றுக்கு 4:2:2 அவிழ்க்கத் தெரியாது. அந்த 480,000 சீட்டில் ஆக விலை கூடிய சாமான் அந்தக் கார்டுதான்.

இதற்குக் காசில்லாத வைத்தியம் இரண்டு. ஒன்று, மண்டபத்துக்குள் எடுப்பதை 8 பிட் 4:2:0 க்கு மாற்றினேன், மெனுவில் ஒரு தட்டு, இன்றுவரை ஒரு வாடிக்கையாளரும் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு, அவுட்டோருக்குப் புரொக்சி. இரவு படுக்கமுன் எல்லாக் கிளிப்பையும் தேர்ந்து 1280 க்கு 720 சின்னப் பிரதி செய்ய விட்டால், காலையில் அதை வைத்து வெட்டலாம், எக்ஸ்போர்ட்டில் பெரிய பைல்தான் போகும். எனக்குப் புரொக்சி என்றால் ஏதோ ஏழைகளின் வழி என்று ஒரு மமதை இருந்தது, ஏன் என்று தெரியவில்லை. இப்போது நல்ல மெஷின் இருந்தும் நீண்ட வேலைக்குப் புரொக்சிதான்.

இவ்வளவோடு நின்றிருந்தால் புது மெஷின் தேவையே இல்லை என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். 2024 ஆவணியில் ஒரு வீட்டுக்காரர் வேறொன்று கேட்டார். காலை முகூர்த்தம், பின்னேரம் ஏழு மணிக்கு நிலாவெளி ஹோட்டலில் வரவேற்பு, அங்கே பெரிய திரையில் காலையில் நடந்ததை நாலு நிமிடப் படமாகப் போட வேண்டும், கனடாவிலிருந்து வந்தவர்கள் பார்க்க. அதற்குத் தனியாக நாற்பதாயிரம். ஓம் என்றேன்.

பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தேன். புரொக்சி செய்ய நேரம் இல்லை, இரவு என்று ஒன்று இடையில் இல்லையே. ஐந்தேமுக்காலுக்கு எக்ஸ்போர்ட் போட்டேன், நாற்பது நிமிடம் என்று காட்டுகிறது, 62 வீதத்தில் கரண்ட் போனது. யூபிஎஸ் இருந்தது, நாலு வருஷப் பற்றரி, மூன்று தரம் கத்திவிட்டுச் செத்தது. கரண்ட் வந்து திரும்பப் போடும்போது ஆறேகால், மனைவி வாசலில் சாறியோடு நிற்கிறா, அவவும் கலியாணத்துக்குச் சொல்லப்பட்டவ. கைநடுக்கத்தில் ஒரு நல்ல காரியம் செய்தேன், இருட்டுக் காட்சிகளுக்குப் போட்டிருந்த புள்ளி நீக்குகிற எபெக்ட் எல்லாவற்றையும் அணைத்து, 4கே யையும் 1080 ஆக்கினேன். ஏழு நிமிடத்தில் முடிந்தது. திரையில் ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, மாப்பிள்ளையின் அம்மம்மா அழுதா.

அந்த ஆவணியிலேயே இன்னும் இரண்டு பேர் அதே போலக் கேட்டார்கள். அப்போதுதான் வேகத்துக்கு ஒரு விலை வந்தது: அன்றைக்கே கொடுத்தால் நாற்பதாயிரம், கொடுக்க முடியாவிட்டால் பூச்சியம். வருஷத்தில் ஆறு வந்தாலும் கணக்கு நேராகிறது. முதலில் வாங்கியது புது யூபிஎஸ் பற்றரி. பிறகு மதர்போர்ட், சிப், பவர் சப்ளை மூன்றும் மட்டும் மாற்றினேன். டிடிஆர்4 ராம் ஏற்கிற போர்டாகப் பார்த்து எடுத்ததால் ராம், எஸ்எஸ்டி, பழைய கார்டு எல்லாம் அப்படியே அதில் ஏறின, ஒரு லட்சத்து இருபதாயிரம் சொச்சத்தோடு முடிந்தது.

சிப் எடுக்கும்போது ஒரு எழுத்தைக் கவனியுங்கோ. கடைத் தம்பி ஐ5-12400எப் தான் மலிவு, கார்டு உங்களிட்ட இருக்குத்தானே என்றான். அந்த எப் என்றால் உள்ளே படம் காட்டுகிற பகுதி இல்லை, நான் தேடிப்போனதே அந்தப் பகுதியைத்தான். இன்டெலில் டெஸ்க்டாப் சிப் 11 ஆம் தலைமுறையிலிருந்து அதற்கு எச்.265 10 பிட் 4:2:2 அவிழ்க்கத் தெரியும். எப் இல்லாத 12400 எடுத்தேன், கமராவையும் எச்.265 க்கு மாற்றினேன், ஏனென்றால் எச்.264 இல் 4:2:2 எடுத்தால் இந்தச் சிப்பும் கைவிரித்துவிடும். பயொஸில், அதாவது மதர்போர்ட்டின் அடிப்படை செட்டிங்கில், அந்தப் பகுதி அணைந்து கிடந்தது, அதைத் தட்டிவிடும்வரை ஒரு மாற்றமும் இல்லாமல் ஒரு இரவு முழுக்க அந்தத் தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம்.

இப்போது அவுட்டோர் காட்சி புரொக்சி இல்லாமலே ஓடுகிறது. கொப்பியில் மாறாதவை: பார்த்துக் கழிக்கிற 9, திருத்தங்களின் 6. முந்தினது என் கண்ணின் வேகம், பிந்தினதற்கு முற்பணம் வாங்கும்போதே பாட்டுப் பட்டியலை எழுதி வாங்கத் தொடங்கினேன், இரண்டு மணித்தியாலம் குறைந்தது, அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

போன மாதம் கிண்ணியாவில் இதே தொழில் செய்கிற தம்பி ஒருத்தர் வந்தார், லோன் எடுத்து ஆறு லட்சத்துக்கு மெஷின் போடலாமா என்று கேட்க. ஒன்றும் சொல்லவில்லை, ஒரு கொப்பியைக் கொடுத்து அனுப்பினேன். மூன்று கிழமையால் திரும்ப வந்தார். அதில் ஆகப் பெரிய எண் பதினொரு மணித்தியாலம், லண்டனில் உள்ள வீட்டுக்காரருக்குப் போன் டேட்டாவில் பைல் ஏற்றியது, இரண்டு தரம் இடையில் அறுந்து முதலிலிருந்து போட்டது. "அண்ணன், பைபர் லைன் எங்கட ரோட்டுக்கு வந்திட்டுதாம்" என்றார். சரி, போய்ப் பதிஞ்சிட்டு வாங்கோ என்றேன், கொப்பியை மறக்காமல் வாங்கிக்கொண்டு போனார்.